பழைய பிரிட்டிஷ் ராணுவப் பொத்தான்கள்: தொடங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எனக்குச் சொந்த ஊர் வேலூர். வேலைக்காக பர்மிங்காம் வந்து பதினொரு வருடம் ஆகிறது. வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே மைதானத்தில் நடந்த பழைய சாமான் சந்தைக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு வயதான அம்மா பிஸ்கட் டப்பா நிறையப் பொத்தான்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பவுண்டுக்கு ஒரு கை அள்ளிக்கொள்ளச் சொன்னார். அந்த ஒரு கைப்பிடியில் தொடங்கியதுதான். இப்போது நண்பர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் படம் எடுத்து அனுப்பி "இது என்ன பொத்தான்?" என்று கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு பொத்தானில் சேகரிப்பதற்கு அப்படி என்ன இருக்கிறது?

பதக்கம் கிடைத்தது சிலருக்கு. வாள் இருந்தது அதிகாரிகளுக்கு. பொத்தான் எல்லோருக்கும் இருந்தது. சிப்பாயின் சிவப்புக் கோட்டு செல்லரித்துப்போகும், தோல் வார் மட்கிப்போகும். பொத்தான் மட்டும் மண்ணில் 200 வருடம் கிடந்தாலும் அதன் மேலிருக்கும் எண்ணைப் பல நேரம் படிக்க முடியும். அமெரிக்க விடுதலைப் போர் நடந்த இடங்களில் தோண்டும் ஆய்வாளர்கள், எந்த ரெஜிமெண்ட் (படைப்பிரிவு) எங்கே முகாம் போட்டிருந்தது என்பதை இந்த எண்களை வைத்துச் சொல்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத, கடிதம் ஒன்றுகூட விட்டுச் செல்லாத ஒரு மனிதன் அங்கே நின்றான் என்பதற்கு அந்த வட்டத் தகடு ஒரு சாட்சி. எனக்கு அது போதும்.

முன்பக்கத்தில் இருக்கும் எண் எதைக் குறிக்கிறது?

ரெஜிமெண்டின் எண். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆரம்பத்தில் பிரிட்டிஷ் ரெஜிமெண்டுகளை அவற்றின் கர்னல் பெயரால்தான் அழைத்தார்கள். கர்னல் மாறினால் பெயரும் மாறும். அந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1751இல் அரச ஆணை ஒன்று ரெஜிமெண்டுகளை எண்ணால் அழைக்கும் முறையை உறுதிசெய்தது. 1767இல் வந்த இன்னொரு ஆணை, காலாட்படைக் கோட்டுகளின் பொத்தானில் அந்த எண் இருக்க வேண்டும் என்றது. ஆகவே எண் போட்ட காலாட்படைப் பொத்தான் உங்கள் கையில் இருந்தால், 1767ஐ ஒட்டிய காலத்துக்கு முன்பாக அதைக் கொண்டுபோக முடியாது.

1855இல் பெரிய மாற்றம். கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்தது. பழைய வால் வைத்த கோட்டு போய் டியூனிக் என்ற முழு அங்கி வந்தது. அதுவரை சிப்பாய்களுக்கு இருந்த சாம்பல் நிறப் பியூட்டர் (வெள்ளீயக் கலவை) பொத்தான் போய்ப் பித்தளை வந்தது. எண் மட்டும் தொடர்ந்தது.

1871இல் அந்த எண்ணும் போய்விட்டது. காலாட்படைச் சிப்பாய்கள் எல்லோருக்கும் அரச சின்னம் பொறித்த ஒரே மாதிரிப் பொத்தானைக் கொடுத்தார்கள். ரெஜிமெண்டுக்கு ஒரு அச்சு என்று வைத்து அடிப்பதைவிட இது மலிவு, கிடங்கில் வைத்து விநியோகிப்பதும் சுலபம். அதிகாரிகள் தங்கள் ரெஜிமெண்ட் பொத்தானையே தொடர்ந்து அணிந்தார்கள்.

1881 ஜூலை 1 அன்று எண்களையே கைவிட்டு, ரெஜிமெண்டுகளைப் பெரும்பாலும் இரண்டிரண்டாக இணைத்து மாவட்டப் பெயர்களைச் சூட்டினார்கள். போர் அமைச்சர் சில்டர்ஸ் செய்த மாற்றம் இது. 41ம் 69ம் சேர்ந்து வெல்ஷ் ரெஜிமெண்ட் ஆனது இப்படித்தான். அதன்பின் அதிகாரிகளின் பொத்தானில் எண்ணுக்குப் பதில் பெயரும் சின்னமும் வந்தன. சிப்பாய்களுக்கு ரெஜிமெண்ட் பொத்தான் திரும்பக் கிடைக்க முதல் உலகப் போர் முடிந்து 1920கள் வரவேண்டியிருந்தது.

1767, 1855, 1871, 1881. இந்த நான்கு வருடங்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சந்தையில் நிற்கும்போது கையில் வேறெதுவும் தேவைப்படாது.

எண்ணைத் தலைகீழாகப் படித்துவிட வாய்ப்பு உண்டா?

நிறைய உண்டு. 68ஐத் திருப்பினால் 89. 86ஐத் திருப்பினால் 98. 66க்கு 99, 16க்கு 91, 19க்கு 61. எண்ணைச் சுற்றிக் கிரீடமோ எழுத்தோ இருந்தால் அது எந்தப் பக்கம் மேல் என்று காட்டிவிடும். வெறும் எண்ணும் மாலை வேலைப்பாடும் மட்டும் இருந்தால், மாலையின் முடிச்சு பெரும்பாலும் கீழே வரும். 69ஐ எப்படித் திருப்பினாலும் 69தான். அந்த எண்ணைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என்னிடம் இருப்பதில் எண்ணே இல்லை. சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் கேடயத்தைப் பிடித்திருக்கின்றன. அரிய பொருளா?

இல்லை. மேலே சொன்ன 1871ஆம் வருடத்துப் பொதுப் பொத்தான் அதுதான். 'ஜெனரல் சர்வீஸ்' பொத்தான் என்பார்கள். இரண்டு உலகப் போர்களிலும் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டது. எனக்கு வரும் படங்களில் பெரும்பாலானவை இதுவே. ஓரிரு பவுண்டுக்குக் கிடைக்கும், பல நேரம் அதற்கும் குறைவாகவே.

அதற்காக அலட்சியம் வேண்டாம். விக்டோரியா காலக் கிரீடத்தோடு, பின்னால் தயாரிப்பாளர் பெயர் தெளிவாக இருக்கும் ஒன்று நல்ல பொத்தான்தான். ஒரு வரலாற்று விஷயத்தையும் இது தெளிவாக்குகிறது. 1879 ஜனவரி 22 அன்று தென்னாப்பிரிக்காவில் இசாண்டில்வானா என்ற இடத்தில் ஸுலு படை 24ஆம் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியனைக் கிட்டத்தட்ட அழித்தது. "அங்கே விழுந்த சிப்பாயின் கோட்டில் இருந்தது" என்று சொல்லி 24 எண் போட்ட பித்தளைப் பொத்தானை யாராவது விற்க வந்தால் நின்று யோசியுங்கள். அதற்கு எட்டு வருடம் முன்பே சிப்பாய்கள் எண் இல்லாத பொதுப் பொத்தானுக்கு மாறியிருந்தார்கள்.

கிரீடத்தைப் பார்த்துக் காலம் சொல்ல முடியுமா?

முடியும், நன்றாகவே முடியும். கிரீடத்தின் மேல் வளைவுகள் நடுவில் பள்ளமாக இறங்கி, அந்தப் பள்ளத்தில் உருண்டையும் சிலுவையும் உட்கார்ந்திருந்தால் அது அரசியின் கிரீடம். வளைவுகள் குடை போல நடுவில் உயர்ந்து கூடினால் அது அரசரின் கிரீடம், டியூடர் கிரீடம் என்று பெயர். விக்டோரியா 1901இல் இறந்தார். அதற்குப் பின் 1952 வரை நான்கு அரசர்கள், எல்லோருக்கும் டியூடர் வடிவம். இரண்டாம் எலிசபெத் வந்ததும் மறுபடி பள்ளம் விழுந்த வடிவம். 2022இல் மூன்றாம் சார்லஸ் திரும்பவும் டியூடர் வடிவத்தையே தேர்ந்தெடுத்தார்.

இதில் சிக்கல் ஒன்றுதான். விக்டோரியா காலத்துக் கிரீடத்தையும் எலிசபெத் காலத்துக் கிரீடத்தையும் புதியவர்கள் கலந்துவிடுவார்கள். எடை போட்டுப் பாருங்கள். 1950களிலிருந்து 'ஸ்டேபிரைட்' என்ற பெயரில் அலுமினியப் பொத்தான்கள் வந்தன. பாலிஷே வேண்டாம், எப்போதும் மஞ்சளாக மின்னும். கையில் எடுத்தால் காகிதம் போல லேசாக இருக்கும். அப்படி இருந்தால் விக்டோரியாவை மறந்துவிடலாம்.

பின்பக்கத்தையும் பார்க்க வேண்டுமா?

முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். முன்பக்கம் யாருடையது என்று சொல்லும். எப்போது, எங்கே செய்தது என்பதைப் பின்பக்கம் சொல்லும்.

18ஆம் நூற்றாண்டு அதிகாரிகளின் பொத்தானைத் திருப்பினால் உலோகமே தெரியாது. எலும்பையோ மரத்தையோ வட்டமாகக் கடைந்து, அதன் முகத்தில் மெல்லிய வெள்ளி அல்லது முலாம் பூசிய தகட்டை மடித்துப் பொருத்தி, பின்னால் துளையிட்டு நரம்புக் கயிறு கோத்திருப்பார்கள். இன்று கயிறு போய்த் துளைகள் மட்டும் இருக்கும். மண்ணில் கிடந்தவற்றில் எலும்பும் போய்த் தகடு மட்டுமே மிஞ்சும். அதே காலத்துச் சிப்பாயின் பொத்தான் பியூட்டரில் வார்த்தது. துணியில் தைப்பதற்கான இரும்பு வளையத்தை அச்சிலேயே வைத்து ஊற்றிவிடுவார்கள். அந்த இரும்பு துருப்பிடித்து வீங்கிப் பொத்தானை உள்ளிருந்தே பிளந்திருப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

19ஆம் நூற்றாண்டில் முன்தகடு ஒன்று, பின்தகடு ஒன்று, விளிம்பை மடித்து இரண்டையும் சேர்ப்பது என்ற முறை பரவியது. பின்தகட்டில் தயாரிப்பாளர் பெயர் இருக்கும். லண்டனில் ஃபர்மின், ஜென்னன்ஸ். பர்மிங்காமில் ஸ்மித் அண்ட் ரைட், ஹேமண்ட் டர்னர், பிற்பாடு ஜே. ஆர். காண்ட், பட்டன்ஸ் லிமிடெட். நிறுவனங்கள் பெயரை மாற்றின, கூட்டாளிகளைச் சேர்த்தன, கடையை வேறு தெருவுக்கு மாற்றின. ஃபர்மின் தன் முகவரியையே, 153 ஸ்ட்ராண்ட் என்று, பொத்தானில் அடித்திருக்கும். எந்த வருடத்தில் எந்த முகவரி என்ற பட்டியலைச் சேகரிப்பாளர்கள் தொகுத்து வைத்திருக்கிறார்கள். அதை வைத்துப் பத்திருபது வருட இடைவெளிக்குள் காலத்தைக் கட்டிவிடலாம்.

பின்னால் 'லிமெரிக், பி. டெய்ட்' என்று இருந்தால் பத்திரமாக வையுங்கள். அயர்லாந்தில் ராணுவ உடை தைத்த பெரிய தொழிற்சாலை அது. பிரிட்டிஷ் ராணுவத்துக்கு மட்டுமின்றி அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் படைக்கும் உடை அனுப்பியது. அதனால் அமெரிக்கச் சேகரிப்பாளர்களும் அதைத் தேடுகிறார்கள்.

வெள்ளையாக இருக்கிறது. வெள்ளியா?

மூன்றில் ஒன்றாக இருக்கலாம். மங்கிய சாம்பல் நிறம், நகத்தால் அழுத்தினால் தடம் விழும் அளவுக்கு மென்மை என்றால் அது பியூட்டர், அதாவது வெள்ளீயக் கலவை. 1855க்கு முந்தைய சிப்பாயினுடையது. விளிம்பிலும் மேடான இடங்களிலும் செம்பு எட்டிப் பார்த்தால் வெள்ளி முலாம். 1830க்கு முன் சில ரெஜிமெண்ட் அதிகாரிகள் பொன்னும் சில ரெஜிமெண்ட் அதிகாரிகள் வெள்ளியும் அணிந்தார்கள். அந்த வருடம் நான்காம் வில்லியம், நிரந்தரப் படைகளுக்கெல்லாம் பொன் நிறம், மிலிஷியாவுக்கு வெள்ளி நிறம் என்று பிரித்துவிட்டார். மிலிஷியா என்பது அந்தந்த மாவட்டத்தில் திரட்டிய துணைப்படை. ஆகவே 1830க்கும் 1881க்கும் இடைப்பட்ட வெள்ளை அதிகாரிப் பொத்தான் பெரும்பாலும் மிலிஷியாவுடையது. மூன்றாவது வகை, மஞ்சள் முலாம் முழுக்கத் தேய்ந்து நிறம் வெளிறிய சாதாரணப் பொத்தான். அதை வெள்ளி என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள்.

கறுப்பாக, கொம்பில் செய்ததுபோல் இருந்தால் அது ரைஃபிள் ரெஜிமெண்டுகளுடையது. ஒளிந்து சுடுகிறவர்களுக்கு மின்னும் பொத்தான் ஆகாது.

களிம்பு பிடித்திருக்கிறது. புளி போட்டு விளக்கலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

முதல் சந்தையில் அள்ளிவந்த கைப்பிடியில் எண் போட்ட அதிகாரிப் பொத்தான் ஒன்று இருந்தது. பழுப்பும் கறுப்புமாக இருந்தது. வீட்டில் குத்துவிளக்கை அம்மா எப்படித் துலக்குவாரோ அப்படியே புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். ஐந்தே நிமிடத்தில் பளபளவென்று ஆனது. அடுத்த வாரம் ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, எஞ்சியிருந்த தங்க முலாம் முழுவதும் போய்விட்டது என்றார். நான் அழுக்கு என்று நினைத்ததற்கு அடியில் தங்கம் இருந்திருக்கிறது. ஒன்றரை நூற்றாண்டு தாங்கியதை நான் ஒரு மாலையில் கழுவி ஊற்றிவிட்டேன். இன்றும் அந்தப் பொத்தானை வைத்திருக்கிறேன். அதைப் பார்த்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

பழைய தங்க முலாம் பாதரசத்தில் தங்கத்தைக் கரைத்துப் பூசி, நெருப்பில் பாதரசத்தை ஆவியாக்கிச் செய்தது. அந்தப் புகையைச் சுவாசித்த பர்மிங்காம் தொழிலாளர்கள் நோயில் விழுந்தார்கள். 1840க்குப் பின் எல்கிங்டன் நிறுவனம் மின்சார முலாம் முறையைக் கொண்டுவந்தபின் இது மெல்லக் குறைந்தது. அத்தனை பாடுபட்டுப் பூசிய தங்கமும் ஒரு மெல்லிய படலம்தான். புளி, எலுமிச்சை, சாம்பல், பீதாம்பரி, பித்தளை பாலிஷ் எதுவும் அதன் பக்கமே போகக் கூடாது.

செய்யக்கூடியது இவ்வளவுதான்: வடிகட்டிய நீர், மென்மையான பிரஷ், ஈரத்தை ஒற்றி எடுத்து முழுக்கக் காயவிடுதல். ஒட்டிய மண்ணை மூங்கில் குச்சியால் பூதக்கண்ணாடி வைத்து மெதுவாக எடுக்கலாம். வழவழப்பான பச்சைப் படலத்தை அப்படியே விடுங்கள். அது உலோகத்தைக் காக்கிறது. ஆனால் பொடிப்பொடியாக உதிரும் வெளிர்பச்சை வேறு, அது உப்பால் வரும் அரிப்பு. அந்தப் பொத்தானைத் தனியே பிரித்து உலர்வாக வைக்க வேண்டும். பியூட்டருக்கு நீர் பட்டதும் காயவிடுவதைத் தவிர வேறெதுவும் செய்யாதீர்கள். அதில் காரீயம் இருக்கலாம். தொட்டபின் கையைக் கழுவுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இன்னொன்று. சிப்பாயே தன் பித்தளைப் பொத்தானைத் தினமும் தேய்த்தான். துணியில் கறை படாமலிருக்க, நடுவில் பிளவு வைத்த ஒரு தகட்டைப் பொத்தான்களுக்கு அடியில் செருகிக்கொண்டு தேய்ப்பான். அதனால் சிங்கத்தின் முகம் மழுங்கியிருந்தால் குறை என்று ஒதுக்காதீர்கள். அது அவன் கை பட்ட தேய்மானம்.

அளவை எப்படிச் சொல்வது?

மில்லிமீட்டரில் சொன்னால் போதும். தொழிலில் 'லைன்' என்ற அளவு உண்டு, 40 லைன் ஓர் அங்குலம். மார்புக்குப் பெரியது, கைவிளிம்புக்கும் தோள்பட்டைக்கும் சிறியது. இரண்டு அளவும் ஒரே ரெஜிமெண்டில் கிடைத்தால் சேர்த்து வையுங்கள்.

எண்ணும் கிரீடமும் இல்லை, ஏதோ மிருகம், கயிற்று முடிச்சு, நங்கூரம். ராணுவம்தானா?

உறுதியில்லை. பணக்கார வீட்டு வேலையாட்களின் சீருடைப் பொத்தான்களில் அந்தக் குடும்பத்தின் சின்னம் இருக்கும். அழகாக இருக்கும், ஆனால் ராணுவம் அல்ல. போலீஸ், ரயில்வே, தீயணைப்பு, கப்பல் நிறுவனங்கள் என்று எல்லோரும் அதே பர்மிங்காம் பட்டறைகளில்தான் பொத்தான் வாங்கினார்கள். நங்கூரம் கடற்படையாக இருக்கலாம், வணிகக் கப்பலாகவும் இருக்கலாம். கிரீடத்தை மேலே வைத்து நடுவில் பீரங்கி இருந்தால் அரச பீரங்கிப் படை. சந்தேகம் வந்தால் பிரிட்டிஷ் பட்டன் சொசைட்டியில் கேட்கலாம். சலிக்காமல் பதில் சொல்பவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

அச்சடித்த பொருள் என்பதால் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பழைய அச்சு இருந்தால், அதே நிறுவனம் பிற்காலத்தில் அதே பொத்தானை மறுபடி அடிக்க முடியும். முன்பக்கம் நூறு சதவீதம் சரியாக இருக்கும். பின்பக்கம்தான் காட்டிக்கொடுக்கும்: புதிய பெயர், புதிய வளையம், கண்ணைக் கூசும் மஞ்சள். பழைய போர்களை நடித்துக் காட்டும் குழுக்களுக்காகவும் பியூட்டர் பொத்தான்களை இப்போது வார்க்கிறார்கள். அதை ஏமாற்று என்று சொல்ல முடியாது, அவர்கள் நகல் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். மூன்று கை மாறியபின் அந்தச் சொல் காணாமல் போகிறது.

வார்த்த நகலில் எண்ணின் ஓரங்கள் மொழுக்கென்று இருக்கும், பரப்பில் ஊசிமுனை அளவுக் குழிகள் தெரியும். அச்சடித்ததில் ஓரம் கூர்மையாக இருக்கும்.

பொருளைவிடக் கதையைக் கவனியுங்கள். வாட்டர்லூ போர் நடந்த 1815க்குப் பின் பல பத்தாண்டுகள் அங்கே போன பயணிகளுக்கு உள்ளூர்க்காரர்கள் பொத்தான்களை விற்றார்கள். உண்மையானவை தீர்ந்தபின்னும் விற்பனை நிற்கவில்லை. கதைக்குக் காசு கொடுக்காதீர்கள். பொத்தானுக்கு மட்டும் கொடுங்கள். இணையத்தில் வாங்கும்போது பின்பக்கப் படம் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

தமிழ்நாட்டோடு தொடர்புள்ள பொத்தான்கள் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் பொறுமை வேண்டும்.

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி வைத்திருந்த ஐரோப்பியப் படைதான் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ். கம்பெனி ஆட்சி முடிந்தபின் அது பிரிட்டிஷ் ராணுவத்தில் 102ஆம் ரெஜிமெண்ட் ஆனது. 1881இல் பம்பாயின் 103ஓடு சேர்ந்து ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ். அயர்லாந்து பிரிந்த 1922இல் அதுவும் கலைந்தது. அந்த அயர்லாந்துப் படையின் தொப்பிச் சின்னத்தில் புலியும் யானையும் இருந்தன. அதேபோல் 105, 108 எண்களும் மெட்ராஸிலிருந்து போனவையே.

இந்தியச் சிப்பாய்களின் படை தனி. 1903இல் தலைமைத் தளபதி கிச்சனர் இந்திய ராணுவத்துக்குப் புதிய வரிசை எண்கள் கொடுத்தபோது, பழைய மெட்ராஸ் ரெஜிமெண்டுகளின் எண்களோடு 60ஐக் கூட்டினார்கள். மெட்ராஸ் 3ஆவது, 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி ஆனது. 13ஆவது, 73ஆவது கர்நாட்டிக் இன்ஃபன்ட்ரி. அதனால் 63 என்று பார்த்ததும், 1881இல் மான்செஸ்டர் ரெஜிமெண்டில் சேர்ந்த பிரிட்டிஷ் 63தான் என்று முடிவு கட்டாதீர்கள். பாளையங்கோட்டையாகவும் இருக்கலாம்.

சரி, 69. 1806இல் மெட்ராஸ் ராணுவத்தில் புது உடை விதி வந்தது: நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை. ஜூலை 10 விடியலுக்கு முன் வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கோட்டைக்குள் இருந்த ஐரோப்பியப் படை 69ஆம் ரெஜிமெண்டின் நான்கு கம்பெனிகள் (ரெஜிமெண்டின் உட்பிரிவுகள்). அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையைப் பிடித்தபின் கொல்லப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் அதைவிடப் பல மடங்கு. உடுப்பு ஒரு மனிதனின் மானத்தோடு எவ்வளவு ஒட்டியது என்பதற்கு என் ஊரே அத்தாட்சி.

அந்தக் கோட்டை அகழியைச் சுற்றி நடந்து வளர்ந்தவன் நான். 69 எண் போட்ட பியூட்டர் பொத்தானை ஆறு வருடம் தேடினேன். கிடைத்தது, கெண்ட் பக்கம் ஒரு வயலில் மெட்டல் டிடெக்டரில் அகப்பட்டது. விளிம்பு நொறுங்கியிருக்கிறது, வளையம் இல்லை. அது வேலூருக்கு வந்த பொத்தான் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. கெண்ட் வயலில் கிடந்தது கெண்டில் கிடந்ததுதான். ஆனால் அதே மாதிரிப் பொத்தான் அந்த இரவில் அங்கே இருந்தது.

நம்மை ஆண்டவர்களின் ராணுவப் பொருளை நாமே சேகரிப்பது சரியா?

என் சித்தப்பா இதைக் கேட்டார். 69 கதையை அவரிடம் சொன்னேன். இந்தப் பொத்தான்களுக்கு உள்ளே இருந்தவர்களில் நம் ஆட்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. எதிரே நின்றவர்களைப் பற்றி அதைவிடக் குறைவு. அரசியின் பெயரைக் கொண்டாட நான் சேகரிக்கவில்லை. யார் எங்கே நின்றார்கள், யாருக்காக நின்றார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் சேகரிக்கிறேன்.

நானே போய்த் தோண்டலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

இங்கிலாந்தில் நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் டிடெக்டரோடு வயலில் இறங்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் அறவே கூடாது. லண்டனில் தேம்ஸ் கரைச் சேற்றில் தேட, துறைமுக ஆணையத்தின் அனுமதிச்சீட்டு வேண்டும். கிடைத்ததை பிரிட்டிஷ் அருங்காட்சியகம் நடத்தும் பதிவுத் திட்டத்தில் பதிந்தால், எந்த வயலில் கிடைத்தது என்ற தகவல் அழியாமல் இருக்கும். இங்கே மண்ணிலிருந்து எடுத்த, 50 வருடத்துக்கு மேற்பட்ட பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்ப ஏற்றுமதி உரிமம் தேவைப்படலாம். வாங்கும் முன் விற்பவரிடம் கேளுங்கள்.

இந்தியாவில் இன்னும் கண்டிப்பு. 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடைத்த மதிப்புள்ள பொருளைப் பற்றிக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி, 100 வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். பழைய கோட்டைகளில் டிடெக்டரோடு போகவே போகாதீர்கள். ஊரில் பார்க்க ஆசையிருந்தால் சென்னை ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போங்கள். கம்பெனி காலத்து ராணுவப் பொருள்கள் அங்கே உண்டு.

போர்க்களங்களில், கல்லறைகளில் எடுத்தது என்று தெரிந்தால் நான் வாங்குவதில்லை. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

எதிலிருந்து தொடங்குவது?

எல்லாவற்றையும் வாங்காதீர்கள். ஒரு வரம்பு வையுங்கள். 1 முதல் 109 வரை எண்கள் என்று தொடங்கினால் வாழ்நாள் வேலை, செலவும் அதிகம். ஒரே மாவட்ட ரெஜிமெண்டின் எல்லாக் காலப் பொத்தான்கள் என்பது நல்ல தொடக்கம். அரசரின் காவலர் படைகள் ஐந்தும் இன்னொரு நல்ல தொடக்கம், அதில் பொத்தானை விடப் பொத்தான்களுக்கு நடுவே உள்ள இடைவெளி சுவையானது. கிரெனடியர் காவலர் கோட்டில் ஒவ்வொன்றாக, கோல்ட்ஸ்ட்ரீமில் இரண்டிரண்டாக, ஸ்காட்ஸில் மும்மூன்றாக, ஐரிஷில் நான்கு நான்காக, வெல்ஷில் ஐந்தைந்தாகத் தைத்திருப்பார்கள். லண்டன் அரண்மனை வாசலில் நிற்பவரின் மார்பைப் பார்த்தே இன்ன படை என்று சொல்லிவிடலாம்.

எப்படிப் பத்திரப்படுத்துவது?

ஓக் மரப் பெட்டி வேண்டாம். அந்த மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். பிவிசி உறைகளும் வேண்டாம். அமிலமில்லாத அட்டையில் துளையிட்டு, வளையத்தைப் பின்னால் தள்ளி, பருத்தி நூல் கோத்து நிறுத்துங்கள். பசை, செல்லோடேப் எதுவும் கூடாது. சென்னை போன்ற கடலோர ஊர் என்றால் டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பை போட்டு, மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே எங்கே, எப்போது, யாரிடம், எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று பென்சிலில் எழுதி வையுங்கள். பேனா மை பரவும்.

பின் வளையம் உடைந்துவிட்டது. பற்றவைக்கலாமா?

கூடாது. சூடு பட்டால் முலாம் கருகும், பியூட்டர் உருகியே போகும். உடைந்த துண்டு இருந்தால் சின்ன உறையில் போட்டுப் பொத்தானோடு சேர்த்து வையுங்கள். என்னுடைய 69க்கும் வளையம் இல்லை. அட்டையில் அதன் அளவுக்கே ஒரு குழி வெட்டி, அதில் படுக்கவைத்திருக்கிறேன்.